முகூர்த்த நாளுக்கு என்ன விலை? திருமணப் படத்தொழில் கேள்வி பதில்

கும்பகோணத்தில் 2003 முதல் திருமணப் படம் எடுத்து வருகிறேன். 36 படம் கொண்ட பிலிம் ரோலை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில் தொழிலுக்கு வந்தவன். லென்ஸ், ஒளி பற்றிச் சொல்லித்தர என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். அதனால் காசு, தேதி, பாக்கி, வழக்கு இவற்றைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தேனியிலிருந்து: அண்ணா, வருடத்துக்கு 40 கல்யாணம் எடுக்கிறேன். ஒன்றுக்கு 45,000 ரூபாய் வாங்குகிறேன். சீசனில் தூங்கக்கூட நேரமில்லை. ஆனால் ஆடி பிறந்தால் கைமாற்று வாங்கித்தான் குடும்பம் நடக்கிறது. எங்கே தவறு?

செலவுப் பட்டியலையும் அனுப்பியிருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று. அதில் இரண்டு வரிகளைக் காணோம். ஒன்று, கேமராவின் தேய்மானம். மற்றொன்று, உங்கள் சம்பளம்.

முதலில் கல்யாணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகிற செலவு. கடை வாடகை மாதம் 8,000, ஆண்டுக்கு 96,000. மின்சாரமும் இணையமும் 36,000. கடைப் பையனுக்கு மாதம் 15,000 என்றால் 1,80,000. கேமரா, லென்ஸ், விளக்கு என்று 6 லட்சம் போட்டிருக்கிறீர்கள். நான்கு ஆண்டில் அதை மாற்றியாக வேண்டும், ஆகவே ஆண்டுக்கு 1,50,000. பழுது, ஹார்டு டிஸ்க், மென்பொருள், காப்பீடு எல்லாம் சேர்த்து 58,000. உங்கள் வீட்டுக்கு மாதம் 30,000 வேண்டாமா? அது 3,60,000. மொத்தம் 8,80,000. நாற்பதால் வகுத்தால் ஒரு கல்யாணத்தின் தலையில் 22,000 விழுகிறது.

இனி அந்தக் கல்யாணத்துக்கே ஆகும் செலவு. இரண்டாவது ஒளிப்படக்காரருக்கு 5,000, வீடியோக்காரருக்கு 5,000, 12க்கு 36 அங்குல ஆல்பத்துக்கு 12,000, வண்டி, சாப்பாடு 2,000. ஆக 24,000. இரண்டையும் கூட்டினால் 46,000. நீங்கள் வாங்குவது 45,000. ஒவ்வொரு தாலிகட்டுக்கும் உங்கள் கையிலிருந்து 1,000 ரூபாய் மொய் எழுதிவிட்டு வருகிறீர்கள்!

இன்னும் பத்துக் கல்யாணம் கூடுதலாக எடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். எங்கே போய் எடுப்பீர்கள்? பெரும்பாலான வீடுகளில் ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் கிடையாது. மிச்ச மாதங்களிலும் ஊரே ஒரே முகூர்த்தத்தில் தாலி கட்டுகிறது. கறிக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆடு கூடுதலாக அறுக்கலாம். நமக்கு வைகாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு மண்டபம்தான். நாம் விற்பது தேதி. படம் அதன்மேல் செய்யும் வேலை.

ஆகவே 40ஐ 32 ஆக்கிக்கொள்ள அஞ்சாதீர்கள். 58,000 சொல்லுங்கள். எட்டு வீடுகள் போய்விடும், போகட்டும். 32 கல்யாணத்தில் ஒன்றுக்கு அடக்கம் 51,500. உங்கள் சம்பளம் போக ஆண்டு முடிவில் இரண்டு லட்சத்துக்குமேல் நிற்கும். தூக்கமும் கிடைக்கும்.

நாமக்கல்லிலிருந்து: பக்கத்துக் கடையில் 30,000க்கு எடுக்கிறார்களே என்று கேட்டால் என்ன சொல்வது?

“நல்லது, அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று முகம் சுளிக்காமல் சொல்லப் பழகுங்கள். பாதிப் பேர் திரும்பி வருவார்கள்.

குறைத்தே ஆக வேண்டும் என்றால் வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். 40 ஷீட் ஆல்பம் 25 ஷீட்டாகட்டும், இரண்டாவது ஆள் வரவேற்புக்கு மட்டும் வரட்டும். அதே வேலையை 10,000 குறைத்துக் கொடுத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. அந்தச் செய்தி பந்தியிலேயே பரவும்.

என் வழக்கம் ஒன்று. அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கம் கடைக்கு வந்த வாரமே வாங்கி, ஞாயிற்றுக்கிழமையில் விழும் வளர்பிறை முகூர்த்தங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுவேன். அந்த நாட்களுக்கு ஒரு ரூபாயும் குறைப்பதில்லை. வாரநாள், தேய்பிறை என்றால் நானே முன்வந்து பெற்றோருக்கு ஒரு சிறிய ஆல்பம் சேர்த்துத் தருவேன். கூட்டமில்லாத நாளில் தாராளமாக இருப்பது எளிது.

தஞ்சாவூரிலிருந்து: கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடமாகிறது. படங்களைத் தேர்ந்தெடுத்தும் தரவில்லை, பாக்கி 40,000மும் தரவில்லை. போன் செய்தால் “மாப்பிள்ளை துபாயிலிருந்து வரட்டும்” என்கிறார்கள்.

மாப்பிள்ளை வந்தால் வளைகாப்பு, பிறகு குழந்தை. ஆல்பம் எங்கே ஞாபகம் வரும்? இதில் அவர்கள் குற்றம் பாதி, நம் குற்றம் பாதி. 3,000 படங்களை ஒரே மூட்டையாக அனுப்பி 150 எடுத்துத் தாருங்கள் என்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். நானே 400 ஆக வடிகட்டி, “உறவினர்”, “சடங்கு”, “மேடை” என்று பிரித்து அனுப்புகிறேன். 60 நாளில் பதில் வராவிட்டால் நானே தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுவேன் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. எந்த அத்தை விட்டுப்போனாரோ என்ற பயத்தில் 55ஆம் நாள் பட்டியல் வந்துவிடும்.

பாக்கி 40,000 நின்றதே தவறு. தேதி எழுதும்போது 30 சதவீதம், முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு 50, ஆல்பம் கொடுக்கும்போது 20 என்று நான் வாங்குகிறேன். நடுவில் உள்ள ஐம்பதுதான் உயிர். கல்யாணத்தன்று காலையில் பெண்ணின் தந்தையிடம் கேட்காதீர்கள். அவர் கையில் பணம் இருக்கும், மனது இருக்காது. எல்லா வீட்டிலும் கணக்கு பார்க்க ஒரு சித்தப்பாவோ தாய்மாமனோ இருப்பார். சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் கொடுப்பவர் அவர்தான். முதல் சந்திப்பிலேயே அவர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: பெண்ணின் தாத்தா இறந்துவிட்டதால் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். தர வேண்டுமா?

தள்ளிவைப்பு வேறு, கைவிடுவது வேறு. தள்ளிவைத்தால் முன்பணம் அப்படியே புதிய தேதிக்குப் போகும். அன்று நமக்கு வேறு வேலை இருந்தால் முழுவதும் திருப்பித் தந்துவிட வேண்டும். கைவிட்டார்கள் என்றால், அந்தத் தேதி மறுபடி விற்றுப்போனதா என்று பார்க்கிறேன். போனால் முழுப் பணம் திரும்பும், போகாவிட்டால் பாதி. இதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறேன். துக்க வீட்டில் அந்தத் தாளை நீட்டுவதில்லை, பதினாறாம் நாள் கழித்துத்தான் பேசுவேன்.

சேலத்திலிருந்து: மணப்பெண்ணின் படத்தை என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டேன். பெண் வீட்டார் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தவன் நான், உரிமை எனக்குத்தானே?

இல்லை. நம் தொழிலில் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பது இது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து எடுக்கப்படும் ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். ஷட்டரை அழுத்திய விரலுக்கு அங்கே இடமில்லை. படத்தை இன்றே எடுத்துவிடுங்கள்.

இனி ஒப்பந்தத்தில் ஒரு பகுதி வையுங்கள்: விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம், ஒவ்வொரு படத்துக்கும் கேட்டுவிட்டுப் பயன்படுத்தலாம், கூடவே கூடாது. மூன்றில் ஒன்றில் அவர்களே குறியிடட்டும். இன்னொன்று, நம்மிடம் பேரம் பேசிக் கையெழுத்திடுபவர் பெரியப்பா, முகம் அந்தப் பெண்ணுடையது. பெண்ணின் கையெழுத்தும் வேண்டும், மாப்பிள்ளையின் கையெழுத்தும் வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: சினிமாப் பாட்டு வைத்த கல்யாண வீடியோவை யூடியூப் முடக்கிவிட்டது. கல்யாணத்துக்குப் பாட்டு போடச் சட்டத்தில் விலக்கு உண்டு என்றார்களே?

உண்டு, 52ஆம் பிரிவில். அது சடங்கிலும் ஊர்வலத்திலும் பாட்டு ஒலிப்பதற்கு. அதே பாட்டை வீடியோவில் ஒட்டி உலகத்துக்கு வெளியிடுவது வேறு, அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். கட்டணம் செலுத்தி உரிமத்துடன் இசை வாங்கும் தளங்கள் இருக்கின்றன, அந்தச் சந்தாவையும் செலவுக் கணக்கில் சேருங்கள். அதைவிட நல்லது, மேடையருகே வாசிக்கும் நாகஸ்வரம். வித்வானிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தனி மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள். அந்தக் குடும்பத்தின் கெட்டிமேளம் அந்தக் குடும்பத்தின் வீடியோவில் ஒலிப்பதற்கு எந்தப் பாட்டும் ஈடாகாது. தவிலைத் தள்ளி உட்காரச் சொல்ல முடியாது, மைக்கைத்தான் நாம் தள்ளிவைக்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து: ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும்? பணமாகக் கொடுத்தால் பில் வேண்டாம் என்கிறார்களே?

நம்முடையது சேவைத் தொழில். நிதியாண்டில் மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், வரி 18 சதவீதம். முன்பணம் வாங்கும்போதே அதற்கான வரி சேர்ந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 50 லட்சம் வரை வரவுள்ளவர்கள் 6 சதவீதம் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் சேரலாம். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது, வெளிமாநில வேலையும் எடுக்க முடியாது.

ரொக்கம் பற்றி ஒன்று. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு 80,000, கல்யாணத்துக்கு 1,50,000 என்று பிரித்து வாங்கினாலும் ஒரே நிகழ்ச்சியைச் சார்ந்தது என்று சேர்த்துப் பார்ப்பார்கள். அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம், அதாவது உழைப்பு முழுவதும் போயிற்று. மிச்சத்தை ஆடிட்டரிடம் கேளுங்கள், ஒரு மணி நேரத்துக்கு அவர் வாங்கும் காசு வீண்போகாது.

மதுரையிலிருந்து: சின்ன ட்ரோன்தான். உரிமம் வேண்டுமா?

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையுள்ள நேனோ வகைக்கு, ட்ரோன் இயக்குபவருக்கான சான்றிதழ் வேண்டாம். அதற்கு மேல் 2 கிலோ வரை உள்ளதைக் காசுக்குப் பறக்கவிட்டால் வேண்டும். எந்த எடையானாலும் பறக்கும் இடத்துக்கு விதி உண்டு. விமான நிலையத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் பச்சை மண்டலம், அதாவது முன்அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய இடம், கிடையாது. மண்டபத்தின் பெயர் தெரிந்ததும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பாருங்கள். பார்த்துவிட்டுப் பிறகு விலை சொல்லுங்கள்.

விருதுநகரிலிருந்து: மெமரி கார்டு கெட்டு முகூர்த்தப் படமே போய்விட்டால் என்ன செய்வது? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அதுபோல ஒன்று எனக்கு நடந்திருக்கிறது. பத்தாண்டுக்கு முன்பு, கொள்ளிடக் கரையோர ஊர் ஒன்று. முதல்நாள் இரவு மாப்பிள்ளை அழைப்பு எடுத்த கார்டும் காலி கார்டும் உதவிப் பையனின் ஒரே சட்டைப் பையில் இருந்தன. விடியற்காலை 4 மணி, முகூர்த்தம் நாலரைக்கு. தூக்கக் கலக்கத்தில் நிறைந்த கார்டை எடுத்து, நானே அழித்து, அதன்மேலேயே தாலிகட்டு எடுத்தேன். தவறு பையனுடையது அல்ல, அழிக்கும் பொத்தானை அழுத்தியவன் நான்.

மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். வீடியோவிலிருந்து 60 காட்சிகளைப் படமாக எடுத்தேன். உறவினர்களின் கைப்பேசிப் படங்களைச் சேகரித்தேன். ஒளிப்படத்துக்கு வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். பெண்ணின் பாட்டி மட்டும் கடைசிவரை என்னிடம் பேசவில்லை. அடுத்த ஆண்டு அதே வீட்டில் இரண்டாவது பெண்ணுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து எடுத்து முடித்த கார்டு என் பழைய திருநீற்றுச் சம்புடத்துக்குள் போகும். சம்புடம் என் இடுப்புப் பையில் இருக்கும். இரண்டு கார்டு போடும் வசதியில்லாத கேமராவைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல், மூன்றாவது என் தம்பி வீட்டில். மூன்றும் முடியும்வரை கார்டை அழிப்பதில்லை.

மறைத்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி: பெண் என்பதால் இரவு வேலைக்கு வரமாட்டீர்கள் என்று விலையைக் குறைக்கிறார்கள்.

குறைக்காதீர்கள் அம்மா, கூட்டுங்கள். அலங்கார அறைக்குள் விடாமல் எங்களை வாசலில் நிறுத்திவிடுவார்கள். தாய் மகளுக்குப் பொட்டு வைக்கும் நேரத்தில் உள்ளே நிற்கக்கூடியவர் நீங்கள். மண்டபத்திலேயே பூட்டுப் போடக்கூடிய அறை, இல்லையென்றால் போகவர வண்டி, இரண்டில் ஒன்றை ஒப்பந்தத்தில் முதல் வரியாக எழுதுங்கள். தயங்கும் வீடு உங்களுக்கு ஏற்ற வீடு அல்ல.

பெயர் போட வேண்டாம் என்றவர்: மச்சான் கல்யாணம். காசு கேட்கலாமா?

கேட்காதீர்கள், கேமராவையும் எடுத்துப் போகாதீர்கள். உங்கள் செலவில் நல்ல ஒருவரை அமர்த்திக் கொடுத்துவிட்டுப் பட்டுவேட்டி கட்டி மேடையேறுங்கள். என் மைத்துனன் கல்யாண ஆல்பத்தில் 40 ஷீட்டிலும் நான் இல்லை. என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.