தனியாகக் காரில் கிளம்பி, மலைக்காட்டில் காசு கொடுக்காமல் தங்கிக்கொண்டே பயணம் போக முடியுமா? பயமாக இருக்காதா?

முடியும். நான் டென்வரில் வேலை பார்க்கிறேன். செப்டம்பர் கடைசியில், ஆஸ்பென் மரங்களின் இலைகள் மஞ்சளாகும் சமயத்தில், கொலராடோவின் தென்மேற்கு மூலைவரை இப்படித்தான் ஒரு பெரிய சுற்று போய் வந்தேன். காரின் பின் சீட்டை மடக்கிப் போட்ட ஒரு மெத்தை, சின்ன டென்ட், ஒற்றை அடுப்பு, அவ்வளவுதான் ஏற்பாடு. பயம் பற்றிக் கேட்கிற எல்லாரும் கரடியைத்தான் நினைக்கிறார்கள். என் வயிற்றைக் கலக்கியது வேறு. வெயில் இறங்கிவிட்டது, இன்னும் தங்க இடம் அமையவில்லை, முன்பின் தெரியாத மண் சாலையில் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறோம் என்கிற அந்த நிலைமை இருக்கிறதே, அதுதான். இந்த மாதிரிப் பயணத்தில் காசு மிச்சமாகும், ஆனால் பகல் வெளிச்சம் நிறையச் செலவாகும்.

முதலில் சட்டப்படி எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தேசியப் பூங்கா வேறு, தேசியக் காடு வேறு. பூங்காவில் கட்டணம், முன்பதிவு, குறித்த இடம் என்று எல்லாம் கறார். ராக்கி மவுண்டன் பூங்காவில் சாலையோரம் காருக்குள் இரவு தூங்கக்கூட அனுமதி கிடையாது. தேசியக் காடுகள் விவசாயத் துறையின் கீழ் வரும் வனத்துறையிடம் இருக்கின்றன. மொத்தம் 154 காடுகள், 19 கோடி ஏக்கருக்கும் மேல். மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, வேட்டை எல்லாமே அங்கே நடக்கும். தடை போடாத இடமாக இருந்தால், பெரும்பாலும் 14 நாள் வரை யாரையும் கேட்காமல் டென்ட் போட்டுக்கொள்ளலாம். டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்பார்கள். குழாய், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது.

எங்கே தங்கலாம் என்பதற்கு வனத்துறையே ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு வாகன வரைபடம் இலவசமாகத் தருகிறது. பார்க்க அழகாக இருக்காது, கறுப்பு வெள்ளைக் கோடுகள். எந்த மண் சாலையில் வண்டி ஓட்டலாம், எந்த மாதங்களில் ஓட்டலாம் என்பது அதில் இருக்கும். ஓரத்தில் புள்ளி வைத்த சாலைகளில் வண்டியைக் கொஞ்சம் உள்ளே இறக்கித் தங்கலாம். அவென்சா என்கிற வரைபடச் செயலியில் அதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும். பலர் இதை விட்டுவிட்டு, யாரோ நட்சத்திரம் போட்டுப் பாராட்டிய இடத்தைத் தேடிப் போகிறார்கள். அங்கே உங்களுக்கு முன்னால் இருபது வண்டி நிற்கும். கிரெஸ்டட் பியூட் ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் கூட்டம் தாங்காமல், இப்போது எண் போட்ட இடங்களில் மட்டும்தான் தங்கவிடுகிறார்கள்.

என் கணக்கு இதுதான்: மதியம் மூன்று மணிக்குப் பிறகு ஊர் பார்ப்பது, போட்டோ எடுப்பது எல்லாம் நிறுத்தம், இடம் தேடுவது மட்டும். செப்டம்பர் கடைசியில் ஏழு மணிவாக்கில் சூரியன் மறையும். ஆனால் பள்ளத்தாக்கில் மலை மறைத்து அதற்கு வெகுமுன்பே நிழல் விழுந்துவிடும். மண் சாலையில் மணிக்குப் பத்து மைல் போனால் பெரிய விஷயம். முதலில் கண்ணில் பட்ட இடம் சரியில்லை என்றால் அடுத்ததைப் பார்க்க, அதுவும் இல்லையென்றால் திரும்பி வர, நேரம் வேண்டும். சாலை மோசமாகும் போலத் தெரிந்தால் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து பார்த்துவிட்டு வருவேன். வண்டியைத் திருப்ப இடமில்லாத பாதையில் ஒரு மைல் பின்னால் எடுப்பதைவிடப் பத்து நிமிட நடை மேல்.

நல்ல இடம் என்றால் எனக்கு ஏற்கெனவே யாரோ தங்கித் தரை இறுகிய இடம். புதுப் புல்லை நசுக்க வேண்டியதில்லை. ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அப்புறம் அண்ணாந்து பார்க்க வேண்டும், இதைப் பலர் செய்வதில்லை. வுல்ஃப் கிரீக் கணவாய்ப் பக்கம் ஸ்ப்ரூஸ் மரங்களை வண்டு அரித்து, மலைச்சரிவு முழுக்கப் பட்டுப்போய் நிற்கின்றன. காற்றே இல்லாத நாளில்கூட அந்த மாதிரி மரம் சாயும். பட்ட மரத்தின் உயரத்துக்கு எட்டும் தூரத்தில் டென்ட் போடக் கூடாது. எனக்குக் கரடியைவிட இதுதான் கவலை.

பாதையைச் சொல்கிறேன். டென்வரிலிருந்து 285-ஆம் நெடுஞ்சாலையில் சாலைடா, அங்கிருந்து 11,312 அடி உயர மோனார்க் கணவாய் ஏறிக் கன்னிசன். பிறகு கிரெஸ்டட் பியூட்டிலிருந்து கெப்ளர் கணவாய் வழியாக மேற்கே. கெப்ளர் சரளைக்கல் சாலைதான், காய்ந்திருந்தால் சாதாரணக் காரே போகும். இரண்டு பக்கமும் வெள்ளைத் தண்டுகளும் மஞ்சள் இலைகளுமாக மைல் கணக்கில் ஆஸ்பென். அங்கே நான் வேண்டுமென்றே நேரத்தை வீணடித்தேன். அடுத்து யூரேயிலிருந்து சில்வர்ட்டன் வரை மில்லியன் டாலர் ஹைவே. சுமார் 25 மைல், நடுவில் 11,018 அடி உயர ரெட் மவுண்டன் கணவாய், பெரும்பகுதிக்குத் தடுப்புச் சுவர் கிடையாது. தெற்கே போகிறவர்களுக்குப் பள்ளம் வலது கைப் பக்கம், அதாவது அங்கே நாம் வண்டி ஓட்டும் பக்கம். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் சுற்றை மாற்றி வடக்கே வரும்படி வைத்துக்கொண்டால் மலைச்சுவரை ஒட்டி ஓட்டலாம். எஞ்சினியர், சின்னமன் போன்ற கணவாய்களுக்கு உயரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும். என் காரில் அந்தப் பக்கமே போகவில்லை.

டெக்சாஸ் மாதிரி தாழ்வான இடத்திலிருந்து வருகிறவர்கள் முதல் இரவே பத்தாயிரம் அடியில் படுக்க வேண்டாம். தலைவலி, குமட்டல் என்று படுத்திவிடும். சாலைடா 7,000 அடிதான், அந்த மாதிரி உயரத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் பிற்பகல் இடியும் மின்னலும் தினசரி வாடிக்கை. மரமில்லாத உச்சிகளிலிருந்து மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஒரு யோசனை: குட்டி குக்கர் கொண்டுபோங்கள். பத்தாயிரம் அடியில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தில் வைத்தால் கேஸ் தீர்ந்தாலும் பருப்பு வேகாது. குக்கர் இருந்தால் அரிசியும் பாசிப்பருப்பும் போட்டுப் பொங்கல் ரெடி. காட்டுக்குள் விசில் சத்தம் கேட்டுப் பக்கத்து டென்ட்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார், அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தேன்.

சரி, கரடி. கொலராடோவில் இருப்பது கருங்கரடி மட்டும். கிரிஸ்லி கரடியின் கதை அங்கே 1979-இல் முடிந்துவிட்டது. கருங்கரடிக்கு நம்மைவிட நம் சாப்பாட்டில்தான் ஆர்வம். சாப்பாடு, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் கரடிக்குத் திறக்க வராத டப்பாவில் போட்டு, படுக்கும் இடத்திலிருந்து 300 அடி தள்ளி வையுங்கள். சமையலையும் அந்தப் பக்கமே முடித்துவிடுங்கள். பூட்டாத கார்க் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்ட கரடிகளும் உண்டு, அதனால் பூட்டுங்கள். கருவாடு வறுக்கும் ஆசை இருந்தால் வீட்டிலேயே தீர்த்துக்கொண்டு கிளம்புங்கள். நான் அதிகம் மதிப்பது மூஸ் மானை. ஆண் மூஸ் 400 கிலோவைத் தாண்டும். செப்டம்பர், அக்டோபர் இணைசேரும் காலம் வேறு, கோபம் மூக்கு நுனியில் நிற்கும். தூரத்தில் பார்த்தாலே பெரிய மரம் ஒன்றுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன்.

கழிப்பறைக்கு ஒரு சின்ன மண்வாரி. தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழத்தில் குழி, பிறகு மூடிவிட வேண்டும். காகிதம் பயன்படுத்துகிறவர்கள் அதைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சொம்புத் தண்ணீர் பழக்கம் உள்ள நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

தீ மூட்டுவதை நான் பெரும்பாலும் தவிர்த்துவிட்டேன். கிளம்பும் நாளில் அந்தக் காட்டின் தீத்தடை நிலவரத்தைக் கட்டாயம் பாருங்கள். 2018 ஜூனில் டுராங்கோ பக்கம் பெரிய தீ எரிந்தபோது சான் ஹ்வான் தேசியக் காடு முழுவதையும் சில நாட்கள் மூடியே வைத்தார்கள். அதனால் அடுத்த காட்டில் ஒரு மாற்று இடமும் கையில் இருக்கட்டும்.

மனிதர்களைப் பற்றிக் கேட்கத் தயங்கியிருப்பீர்கள். தனியாக ஒரு இந்திய முகம், பக்கத்தில் துப்பாக்கியோடு வேட்டைக்காரர்கள். முதல் இரவு எனக்கும் நெருடலாக இருந்தது. சாயங்காலமே போய் வணக்கம் சொல்லி, எந்தப் பக்கம் நடக்கப்போகிறேன் என்று சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை, சாலை நிலவரம் சொல்லித்தான் அனுப்பினார்கள். வேட்டை நடக்கும் மாதங்களில் பளிச்சென்ற ஆரஞ்சுத் தொப்பியும் சட்டையும் அவசியம். மனசுக்குச் சரியாகப் படாத இடத்தில் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் வண்டியை எடுங்கள். அதற்கும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்க வேண்டும், டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்க வேண்டும்.

இதையே மேகமலையிலோ நீலகிரியிலோ செய்யலாமா என்றால், வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். யானை நடமாடும் இடத்தில் மெல்லிய துணிக்குள் படுப்பது அதைவிட மோசம். அங்கே வனத்துறை வழிகாட்டியோடு நடத்தும் மலையேற்றங்களுக்குப் பதிவு செய்து போங்கள்.

கடைசியாக, பல இடங்களில் சிக்னலே இருக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். எந்தக் காடு, எந்தச் சாலை எண், எந்த நாள் என்று எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுங்கள். இந்த நேரத்துக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் கூப்பிடு என்று சொல்லி, அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலக எண்ணையும் அதிலேயே எழுதிவிடுங்கள். கொலராடோவில் காணாமல் போனவர்களைத் தேடுவது ஷெரிஃபின் பொறுப்பு. அம்மாவிடம் நான் சொன்னது வேறு, நண்பர்களோடு போகிறேன் என்று.