சோலார் பம்பு வந்தால் கிணறு வற்றாதா?

கேள்வி: சோலார் பம்புசெட் போட்டால் டீசலும் வேண்டாம், கரண்ட் பில்லும் இல்லை என்கிறார்கள். எல்லாரும் நாள் முழுக்க இறைத்தால் நிலத்தடி நீர் என்னாவது?

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். டீசல் என்ஜின் என்றால் காசு கரைகிறதே என்று விவசாயி தானாகவே நிறுத்திவிடுவார், சோலாரில் அந்தத் தடை கிடையாது, வெயில் இருக்கிறவரை மோட்டார் ஓடும். குஜராத்தில் கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தில் இதற்கு ஒரு நல்ல வழி பிடித்தார்கள். ஆறு விவசாயிகள் கூட்டுறவு சங்கமாகச் சேர்ந்து, தங்கள் சோலார் பம்புகளை மின்கம்பியோடு இணைத்து, 2016-லிருந்து மின்சாரம் விற்றார்கள். பயிருக்குத் தண்ணீர் போதும் என்றால் மோட்டாரை நிறுத்திவிடலாம், பேனலில் வருகிற கரண்ட் அப்படியே லைனுக்குப் போகும், யூனிட்டுக்கு 4.63 ரூபாய், 25 வருட ஒப்பந்தம். இறைக்காமல் விட்ட தண்ணீருக்கே வருமானம்! எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. ஆனால் கரண்டுக்குக் கிடைக்கிற விலை கட்டுப்படியாக வேண்டும், பக்கத்துக் காட்டுக்குத் தண்ணீர் விற்றால் கூடுதலாகக் கிடைக்குமென்றால் மோட்டார் மறுபடி ஓடத்தான் செய்யும். சரி, உங்கள் ஊரில்? 2019-ல் வந்த பிஎம் குசும் என்கிற மத்திய அரசின் விவசாய சோலார் திட்டத்தில், ஏற்கெனவே மின் இணைப்புள்ள பம்புகளுக்கு சோலார் பொருத்தும் பிரிவு இருக்கிறது. மின் இணைப்பு இருந்தால் அதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் சொட்டுநீரோடு சேர்த்தே போடுங்கள்.