வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்: சக்கர மோட்டாரை மாற்றும் முன் கேஜைப் பாருங்கள்

கேள்வி: என் சிறிய டிராக்டரில் பின் சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் மோட்டார், இரண்டும் 200 சிசி (ஒரு சுற்றுக்கு மோட்டார் வாங்கும் ஆயில் அளவு). பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளுகிறது, ரிலீஃப் வால்வு (பிரஷர் அளவு மீறினால் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும் வால்வு) 140 பார். டயர் உயரம் 60 செ.மீ., பின் அச்சில் எடை சுமார் 600 கிலோ. டிரெய்லரோடு மேடு ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறது. எஞ்சின் அணைவதில்லை, பெரிதாகத் திணறுவதும் இல்லை. டயரும் வழுக்கவில்லை. 315 சிசி மோட்டார் மாட்டினால் தீருமா?

பதில்: கடைசி மூன்று வரிகளை எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. "இழுவை போதவில்லை" என்று மட்டும் எழுதுபவர்கள்தான் அதிகம். வண்டி எப்படி நிற்கிறது என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது. எஞ்சின் திணறி அணைந்தால், எஞ்சினிடம் இருப்பது அவ்வளவுதான். டயர் சுற்றி மண்ணைப் பறித்தால் எடை போதவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, டயர் பிடித்துக்கொண்டிருக்க, சக்கரம் மட்டும் நின்றால் ஆயில் வேறு எங்கேயோ போகிறது. ஒன்று ரிலீஃப் வால்வு வழியாக டேங்குக்குத் திரும்புகிறது, அல்லது தேய்ந்த பம்புக்குள்ளோ மோட்டாருக்குள்ளோ கசிந்து ஓடுகிறது. உங்கள் வண்டியின் நிலை இதுதான்.

எனவே மோட்டார் வாங்கும் முன் பம்ப் வெளியேறும் பக்கம் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். 250 பார் கேஜ் போதும். ஆயில் நன்றாகச் சூடான பிறகு, அசையாத எதன் மீதாவது வண்டியை முட்டவிட்டு, சில விநாடிகள் மட்டும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முள் 140-க்கு ஏறி அங்கேயே நின்றால் பம்பும் மோட்டாரும் நலம், இருக்கிற சக்தி முழுவதும் சக்கரத்துக்கு வருகிறது. முள் 90, 100 என்று நின்றுவிட்டால் அது தேய்மானம், அல்லது ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. மோட்டாருக்குப் போகும் ஹோஸ்களைக் கழற்றி, பிரஷர் தாங்கும் பிளக் போட்டு மறுபடி பாருங்கள். இப்போது 140 வந்தால் மோட்டார்தான் கசிகிறது. வரவில்லை என்றால் குற்றவாளி பம்ப் அல்லது வால்வு. ஒன்றை மறக்க வேண்டாம்: பம்புக்கும் பிளக்குக்கும் நடுவே ரிலீஃப் வால்வு இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இந்தச் சோதனை. இல்லாவிட்டால் பம்ப் உடையும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

காலையில் நன்றாக இழுத்து, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு தொய்கிற வண்டி என்றால் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளலாம். சூட்டில் ஆயில் நீர்த்துப்போகிறது, தேய்ந்த இடைவெளி வழியாக ஓடிவிடுகிறது. அந்த வண்டிக்குப் பெரிய மோட்டார் தேவையில்லை. தேய்ந்தது மோட்டார்தான் என்றால் அதே அளவில் புதியது போதும்.

சரி, கேஜ் 140 காட்டியது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கணக்குப் போடலாம். பார் அளவை சிசி அளவால் பெருக்கி 63-ஆல் வகுத்தால் முறுக்குவிசை நியூட்டன் மீட்டரில் கிடைக்கும். 140 × 200 ÷ 63 என்றால் ஏறத்தாழ 445. உங்கள் சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ. என்பதால் தரையில் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 150 கிலோ தள்ளுவிசை, இரண்டுக்கும் 300. இது ஏட்டுக்கணக்கு. உராய்வு போக நூற்றுக்கு 85 என்று எடுத்தால் 255 கிலோதான் மிஞ்சும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்னும் குறையும்.

அடுத்து, மண் எவ்வளவு பிடிக்கும்? ஓரளவு இறுகிய மண்ணில் டயர் தன் மேல் இருக்கும் எடையில் பாதியளவு பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 600 கிலோவுக்கு 300. உங்கள் மோட்டார் கொடுப்பது 255, மண் தாங்குவது 300. டயர் வழுக்காமலே வண்டி நிற்பதன் காரணம் இதுதான்.

315 சிசி போட்டால் 85 விழுக்காடு கணக்கிலேயே 400 கிலோ வரும். ஆனால் மண் 300-க்கு மேல் பிடிக்காது, மீதி 100 டயரைச் சுற்றிவிடவே போகும். வேகமும் போய்விடும். ஒரு மோட்டாருக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆயில். 200 சிசி-யில் 75 சுற்று, மணிக்கு எட்டரை கிலோமீட்டர். 315-இல் 48 சுற்றுகூட வராது, ஐந்தரை கிலோமீட்டர்தான். பம்ப் அதேதான், பிரஷர் அதேதான் என்றால் சக்தியும் அதே 7 கிலோவாட்தான். மோட்டாரைப் பெரிதாக்கினால் வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குகிறீர்கள். வேறெதுவும் கூடுவதில்லை.

என் யோசனை 250 சிசி. தள்ளுவிசை 320 கிலோவுக்குப் பக்கம் வரும், வேகம் மணிக்கு 6.8 கிலோமீட்டர். அப்புறம் பின் சக்கரத்தில் எடை கட்டுங்கள், அல்லது டயரில் தண்ணீர் நிரப்புங்கள். ஆனால் கட்டுகிற ஒவ்வொரு கிலோவையும் மேடு ஏற்ற வேண்டும் என்பதால் அளவோடு. ஆயில் ஓட்டம் அதேதான் என்பதால் ஹோஸை மாற்ற வேண்டியதில்லை.

ரிலீஃப் வால்வு திருகை இறுக்கி 170, 180 ஆக்கிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். பம்ப், ஹோஸ், மோட்டார் மூன்றின் அட்டவணையும் அனுமதித்தால் ஒழிய வேண்டாம். ஆர்பிட் மோட்டார்களில் (சிறிய வண்டிகளில் வரும், மெதுவாகச் சுற்றி அதிக முறுக்குவிசை தரும் ஹைட்ராலிக் மோட்டார் வகை) பொதுவாக ஒரே வரிசையில் சிசி ஏற ஏற, தொடர்ந்து ஓட்ட அனுமதிக்கும் பிரஷர் இறங்கும். நீங்கள் வாங்கப்போகும் 250-க்கு 140 பார் தொடர் பிரஷர் ஆகுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம் பேரிங். ஆர்பிட் மோட்டார் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஆனால் சக்கரம் மாட்டவென்றே செய்தது தனி. அதன் ஃபிளாஞ்ச் (மோட்டாரை வண்டியில் போல்ட் போட்டு மாட்டும் தட்டு) பின்தள்ளி இருக்கும், அதனால் பேரிங் ரிம்மின் நடுக்கோட்டுக்கு அருகே வந்து உட்காரும். சாதாரண மோட்டாரில் சக்கரம் பேரிங்கைத் தாண்டி வெளியே தொங்கும். 300 கிலோ சுமக்கும் சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் அந்த அடி முழுவதும் ஷாஃப்டை வளைக்கப் பார்க்கும். முதலில் சீல் ஒழுகும், பிறகு பேரிங் போகும். சக்கரம் வெளித்தள்ளி நிற்கும் அகல ரிம் போட்டிருந்தால் நல்ல சக்கர மோட்டாருக்கே இந்தக் கதி வரும். ஃபிளாஞ்சிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் எவ்வளவு பக்கச் சுமை தாங்கும் என்று மோட்டார் அட்டவணையில் ஒரு வளைகோடு இருக்கும். சிசி பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

பழைய ஹப்பைக் கழற்ற சுத்தியல் வேண்டவே வேண்டாம். கூம்பு ஷாஃப்டில் ஹப் இறுகிப்போயிருக்கும். நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் சில மரைகளில் அப்படியே விட்டுவிட்டு, ஹப்பை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போடுங்கள். திடீரென்று விடுபடும்போது ஹப் உங்கள் மேல் பாயாது. ஷாஃப்ட் முனையில் ஒரு அடி அடித்தாலும் அது உள்ளே பேரிங்கிலும் ரோட்டரிலும் போய் முடியும். மாட்டும்போது கூம்பு இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, குறித்த அளவுக்கு நட்டை இறுக்குங்கள். சுமையை முக்கியமாகத் தாங்குவது கூம்பின் பிடிப்பு, ஷாஃப்டுக்கும் ஹப்புக்கும் நடுவே செருகும் கீ என்ற சிறு துண்டு அல்ல. சில மணி நேரம் ஓடிய பிறகு நட்டை மறுபடி பார்க்க வேண்டும்.

புதிய மோட்டாருக்குள் சுத்தமான ஆயில் ஊற்றி நிரப்பிய பிறகே ஹோஸ் மாட்டுங்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்கட்டும், சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு ஹோஸையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். முதல் ஒரு மணி நேரம் டிரெய்லர் இல்லாமல் இலகுவாக ஓட்டுங்கள். பழைய மோட்டாரில் உலோகத் தூள் வந்திருந்தால் குழாய்களைக் கழுவாமல், ஃபில்டரை மாற்றாமல் புதியதை மாட்டக் கூடாது. அந்தத் தூள் புதியதையும் தின்றுவிடும்.

கேள்வி: ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுற்றும்போது மற்றது அசையாமல் நிற்கிறது. அந்தப் பக்கம் மட்டும் பெரிய மோட்டார் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் இரண்டு மோட்டாரும் இணையாக இணைத்தவை, அதாவது பம்பின் ஆயில் பிரிந்து இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. ஆயில் எளிதான வழியைத்தான் தேடும், சேற்றில் சும்மா சுற்றுகிற சக்கரம்தான் அந்த வழி. அதில் பிரஷர் ஏறாததால் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் பிரஷர் கிடைக்காது. மோட்டார் அளவை மாற்றினாலும் இது மாறாது. இடது வலது சமமில்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் செய்யும். ஆயிலை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் ஃப்ளோ டிவைடர் வால்வு போடுங்கள், தேவைப்படும்போது மட்டும் இயங்கும்படி. எப்போதும் போட்டு வைத்தால் திருப்பத்தில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வேறு வேறு வேகம் கேட்கும், வால்வு தடுக்கும், ஆயில் சூடேறும்.

இரண்டையும் தொடராக, அதாவது முதல் மோட்டாரிலிருந்து வரும் ஆயில் அடுத்ததற்குப் போகும்படி, இணைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து சுற்றும், வேகமும் இரட்டிப்பாகும். ஆனால் பிரஷர் இருவருக்கும் பங்காகி இழுவை பாதியாகும். முதல் மோட்டாரின் சீலுக்குப் பின்னழுத்தமும் ஏறும். சேற்றில் வேலை செய்யும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பிஸ்டன் வகை மோட்டாருக்கு மாறுகிறேன். அதில் மூன்றாவதாக ஒரு சிறிய துளை இருக்கிறது. அதைத் திரும்பும் ஹோஸோடு சேர்த்துவிடலாமா?

பதில்: கூடாது. அது கேஸ் ட்ரெய்ன். உள்ளே கசிகிற ஆயில் வெளியேறும் வழி. திரும்பும் ஹோஸில் ஃபில்டரும் கூலரும் இருந்தால் அங்கே பின்னழுத்தம் இருக்கும், அது ஷாஃப்ட் சீலைத் தள்ளிவிடும். தனி ஹோஸ் போட்டு நேராக டேங்குக்கு விடுங்கள். இதில் ஒரு வசதியும் உண்டு. ஒரே சுமையில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ஆயில் அதில் வருகிறது என்று இப்போதே அளவு ஜாடியில் பிடித்து எழுதி வையுங்கள். பின்னாளில் அந்த அளவு ஏறிக்கொண்டே போனால் மோட்டார் தேய்கிறது என்று கழற்றாமலே தெரியும்.

கேள்வி: புதிய மோட்டார் மாட்டிய பிறகும் சரிவில் நிறுத்தினால் வண்டி மெல்ல நகர்கிறது. மோட்டார் பழுதா?

பதில்: பழுதில்லை. எந்த ஹைட்ராலிக் மோட்டாரிலும் உள்ளே சிறிது கசியும், எஞ்சினை அணைத்த பிறகு சுமை அதைச் சுற்றவைக்கும். பழைய மோட்டாரோடு பிரேக் டிரம் இருந்து, புதியதில் அதை விட்டுவிட்டிருந்தால் உடனே அதற்கு வழி செய்யுங்கள். சக்கரத்தையோ ஷாஃப்டையோ நேரடியாகப் பிடிக்கும் பார்க்கிங் பிரேக் இல்லாமல் அந்த வண்டியைச் சரிவில் விட்டு இறங்காதீர்கள். பிரேக் வரும்வரை சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.