ஒரே புல், இரண்டு பச்சை: கேள்வி பதில்

எங்கள் வீட்டுப் பின்பக்கப் புல்தரையின் படத்தைப் பார்த்தவர்களிடமிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. இங்கிலாந்தில், லெஸ்டரில் இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வந்த புதிதில் பின்பக்கம் முழுக்கக் களையும் பாசியும்தான். இன்று பட்டை பட்டையாக, பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. அதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஹாரோவிலிருந்து ஒரு தங்கை): ஒரு பட்டை கரும்பச்சை, அடுத்தது வெளிர்பச்சை. இரண்டு வகைப் புல்லா, இல்லை இரண்டு வகை உரமா அண்ணா?

ஒரே புல், ஒரே உரம். புல் வெட்டும் இயந்திரமான மோவரின் பின்னால் இருக்கும் ரோலர், அதாவது உருளை, போகிற திசையில் புல்லைச் சாய்த்துவிட்டுப் போகிறது. நமக்கு அந்தப் பக்கமாகச் சாய்ந்த புல்லில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வெளிறித் தெரியும். நம்மை நோக்கிச் சாய்ந்ததில் நுனியும் நிழலும்தான் கண்ணில் படும், அதனால் கருமை. எதிர்முனைக்குப் போய் நின்று பாருங்கள்: கறுத்தது வெளுத்திருக்கும், வெளுத்தது கறுத்திருக்கும். வெல்வெட் துணியைக் கையால் இப்படியும் அப்படியும் தடவினால் நிறம் மாறுமே, அதேதான்.

துணி என்றதும் நினைவு வருகிறது. லான்மோவர் பிறந்ததே துணி மில்லில்தான். கம்பளித் துணியின் மேல் எழும்பி நிற்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் இயந்திரத்தைப் பார்த்து, க்ளாஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் பக்கம் இருந்த எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் கருவியைச் செய்தார். 1830இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் நீளப்பிடி அரிவாளோடு ஆட்கள் வரிசைகட்டி வெட்ட வேண்டும். மாளிகைக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியான தரை அது. இன்று நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

கேள்வி (ரெடிங்): என்னிடம் நாலு சக்கர மோவர் இருக்கிறது. அதில் பட்டை விழுமா?

சக்கரம் மட்டும் இருந்தால் சரியாக விழாது. பின்னால் முழு அகலத்துக்கு ரோலர் வேண்டும். சிலிண்டர் மோவர் கத்தரிக்கோல் போல இரண்டு பிளேடுக்கு நடுவே வெட்டும், வெட்டு அவ்வளவு சுத்தம். ஆனால் தரை மட்டமாக இருக்க வேண்டும், ஒரு கூழாங்கல் போதும் பிளேடைக் கெடுக்க. பிள்ளைகள் பந்து விளையாடும் வீடென்றால் ரோலர் வைத்த ரோட்டரி மோவரே (அடியில் பிளேடு விசிறி மாதிரி சுழன்று வெட்டுவது) போதும். என்னிடம் இருப்பதும் அதுதான்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): ரோலர் மோவர் வாங்கிவிட்டேன் அண்ணா. கோடு பாம்பு மாதிரி நெளிகிறது. என்ன தப்பு?

நீங்கள் மோவரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறீர்கள் தம்பி. எல்லாரும் செய்வதுதான்.

முதலில் இரண்டு முனையிலும் குறுக்கே இரண்டு இரண்டு தடவை வெட்டிவிடுங்கள், திரும்புவதற்கு இடம் கிடைக்கும். அப்புறம் வேலியை ஒட்டி, அல்லது நடுவில் கயிறு கட்டி, முதல் பட்டையைப் போடுங்கள். எங்கள் அப்பா ஏர் ஓட்டும்போது கலப்பையைப் பார்க்கவே மாட்டார். எதிர் வரப்பில் ஒரு செடியோ கல்லோ, அதன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் போவார். நான் எதிர் வேலியில் ஒரு பலகையைக் குறி வைத்துக்கொள்கிறேன். திரும்பி வரும்போது முந்தின பட்டையின் ஓரத்தில் இரண்டு அங்குலம் ஏறி வர வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் மீசை மாதிரி ஒரு வரி வெட்டாமல் நிற்கும். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். ஆகவே முதல் பட்டைக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக வரும். அடுத்த வாரம் திசையை மாற்றி வெட்டுங்கள். ஒரே தடத்தில் போனால் புல் படுத்தே பழகிவிடும்.

கேள்வி (பர்மிங்ஹாம்): எங்கள் தோட்டம் வடக்குப் பார்த்தது, வெயில் குறைவு. புல்லைவிடப் பாசிதான் அதிகம்.

மெல்லிய புல்லில் பட்டை நிற்காது, அதனால் முதலில் இதைக் கவனியுங்கள். அயர்ன் சல்ஃபேட் என்னும் இரும்பு உப்பைப் போட்டால் பாசி கறுத்துச் சாகும், பிறகு வாரிவிடலாம். ஆனால் பாசி வந்த காரணம் அப்படியே இருந்தால் அடுத்த குளிர்காலத்தில் திரும்பவும் வரும். நிழல், ஈரம், இறுகிய மண், ஒட்ட வெட்டுவது, இந்த நாலும்தான் காரணம். தோட்டத்து முள்கரண்டியை ஒரு சாண் இடைவெளியில் குத்தி, லேசாக ஆட்டி எடுங்கள், மண் மூச்சு விடும். செப்டம்பரில் நிழல் தாங்கும் விதை தூவுங்கள். நிழல் இடத்தில் புல்லை இன்னும் கொஞ்சம் உயரமாக விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அயர்ன் சல்ஃபேட் கல் தளத்தில் விழுந்தால் துருக்கறை. என் வீட்டு வாசற்படி அருகே ஒரு கல்லில் பன்னிரண்டு வருடமாக அந்தக் கறை இருக்கிறது.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை வெட்டுவது?

மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வாரம் ஒரு முறை, மே மாதத்தில் முடிந்தால் இரண்டு முறை. ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். விம்பிள்டன் ஆடுகளத்தை 8 மி.மீ. உயரத்தில் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து நாமும் இறங்கக் கூடாது. வீட்டுக்கு 30 மி.மீ. நல்ல அளவு, கோடையில் 40.

கேள்வி (க்ராய்டன்): ஜூலையில் புல் வைக்கோலாகிவிட்டது. தோட்டத்துக்குக் குழாய் பிடித்துத் தண்ணீர் விடவும் தடை. செத்துவிட்டதா?

தூங்குகிறது, அவ்வளவுதான். 2022 ஜூலையில் லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி அடித்ததே, அந்த வருடம் என் தரையில் பச்சை என்பதே இல்லை. நடந்தால் மொறுமொறுவென்று சத்தம். நான் உரம் போடவில்லை, வெட்டவும் இல்லை. செப்டம்பர் மழையில் அடியிலிருந்து துளிர்த்துவிட்டது.

கேள்வி (ஊரில் மதுரைப் பக்கம் அப்பா வீட்டில் போட ஆசைப்படும் ஒருவர்): அங்கே இந்தப் பட்டை வருமா?

இங்கே உள்ள ரைகிராஸ் என்னும் குளிர்நாட்டுப் புல் அங்கே வெயில் தாங்காது. நம் அருகம்புல் அருமையான தரை ஆகும், ஆனால் விறைப்பான புல், ரோலருக்கு எளிதில் வளையாது. பட்டை மங்கலாகத்தான் தெரியும். அங்கே அடர்த்தியே அழகு என்று விட்டுவிடலாம்.

கேள்வி (லெஸ்டரிலேயே ஒரு அக்கா): இவ்வளவு பாடு எதற்கு? நாங்கள் செயற்கைப் புல் போடலாம் என்று இருக்கிறோம்.

தயவுசெய்து ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள் அக்கா. வெயிலில் அது கால் வைக்க முடியாமல் சுடும். அடியில் மண்புழுவுக்கும் வேலை இல்லை, மேலே புழு தேடும் கரிக்குருவிக்கும் வேலை இல்லை. என் தரையில் மழை விட்டதும் ஒரு ஜோடி வந்து, தலையைச் சாய்த்து மண்ணைக் கவனித்துக்கொண்டு நிற்கும். நேரம்தான் பிரச்சினை என்றால் வாரம் நாற்பது நிமிடம், அதற்கு மேல் எனக்கு ஆவதில்லை.

சனிக்கிழமை வெட்டுவேன். சாயங்காலம் ஏழு மணிக்கு, வெயில் சாய்ந்திருக்கும்போது, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அப்போதுதான் பட்டை நன்றாக எடுத்துக் காட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நடை நடந்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.