கொன்றை என்றால் காத்திருத்தலா?

கேள்வி: என் மகள் இளங்கலைத் தமிழ் படிக்கிறாள். குறுந்தொகையில் 21, 37, 66 ஆகிய மூன்று பாட்டுகள் பாடமாக இருக்கின்றன. அவள் வாங்கிய நோட்ஸில் 'கொன்றை – காத்திருத்தல், மழை – தலைவன் வருகை, யானை – தலைவன்' என்று ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதை வைத்துப் படித்தால் எதுவும் பொருந்தவில்லை. 21-இல் கார்காலம் வந்ததையே தலைவி நம்ப மறுக்கிறாள். 66-இல் தோழி கொன்றையைத் திட்டுகிறாள். காட்டில் வரும் மரத்துக்கும் விலங்குக்கும் பொருளை எப்படித்தான் கண்டுபிடிப்பது? நான் கணக்குப் படித்தவள். இலக்கணம் தெரியாது.

பதில்: பொருந்தவில்லை என்று உங்களுக்குத் தோன்றியதே சரிதான். கோளாறு அந்த அட்டவணையில் இருக்கிறது. நீங்கள் கணக்குப் படித்தவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: எக்ஸ் என்ற எழுத்துக்கு எல்லாக் கணக்கிலும் ஒரே மதிப்பு என்று யாராவது புத்தகம் போட்டு விற்றால் வாங்குவீர்களா? கொன்றையும் அப்படித்தான். எந்தப் பாட்டில், யார் வாயில் வருகிறது என்று தெரியாமல் அதற்குப் பொருள் சொல்ல முடியாது.

ஆகவே மரத்தை முதலில் பார்க்காதீர்கள். பேசுவது யார், கேட்பது யார், கேட்பவருக்கு என்ன கவலை என்று பாருங்கள். அகப்பாட்டு (காதலைப் பாடும் சங்கப்பாட்டு) எல்லாமே யாரோ ஒருவர் பேசுவதுதான். கவிஞர் தன் குரலில் காட்டை வருணிப்பதில்லை. பதிப்புகளில் பாட்டோடு ஒரு சின்னக் குறிப்பு இருக்கும், 'தோழி கூற்று', 'தலைவி கூற்று' என்று. அந்தக் குறிப்புகள் பாட்டை எழுதியவர்கள் போட்டவை அல்ல, பின்னால் சேர்ந்தவை. இருந்தாலும் உள்ளே நுழைய அதைவிட நல்ல வாசல் இல்லை. நோட்ஸ் போடுகிறவர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான்.

இப்போது 66-ஐ எடுங்கள், கோவர்த்தனார் பாட்டு. 'மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை' என்று தொடங்குகிறது: இந்தப் பெரிய கொன்றை மரங்களுக்கு அறிவே இல்லை! கல் நிறைந்த வழியில் போனவர் திரும்புவதாகச் சொன்ன கார்காலம் இன்னும் வரவில்லை, அதற்குள் காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நினைத்துக்கொண்டு கிளையெல்லாம் பூத்துவிட்டன. பேசுகிறவள் தோழி. கேட்கிறவள் பூவைப் பார்த்துக் கலங்கி நிற்கும் தலைவி. பருவம் வந்துவிட்டது, ஆளைக் காணோம் என்பது அவள் கவலை. தோழி என்ன செய்ய முடியும்? போனவரைக் குறை சொன்னால் தலைவி இன்னும் உடைந்துபோவாள். பழியைத் தூக்கி மரத்தின் மேல் போடுகிறாள். பூத்ததுதான் தப்பு, அவர் வராதது தப்பில்லை! இந்தப் பாட்டில் கொன்றை ஒரு சாட்சி. தோழி அந்தச் சாட்சிக்கு மூளை இல்லை என்று வாதாடுகிறாள்.

21-இல் அதே கொன்றை, அதே கார்காலம். பாடியவர் ஓதலாந்தையார். வண்டு மொய்க்கப் பூங்கொத்துகள் தழைகளுக்கு நடுவே தொங்குகின்றன. பொன் நகை சூடிய பெண்களின் கூந்தல் போலக் காடே தெரிகிறது. அப்புறம் வருகிறது அந்த வரி: 'கானம் கார்எனக் கூறினும் / யானோ தேறேன் அவர்பொய் வழங்கலரே.' காடே கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார். இங்கே பேசுகிறவள் தலைவி. கேட்கிறவள் தோழி. இனி இவளை எப்படித் தேற்றுவது என்று தோழி உள்ளுக்குள் தவிக்கிறாள், அதைக் கண்டுகொண்டு தலைவியே அவளைத் தேற்றுகிறாள். கண்முன்னே ஒரு காடு முழுக்கப் பூத்து நிற்கிறது, அந்தப் பக்கம் ஓர் ஆள் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை. அவள் வார்த்தையின் பக்கம் நிற்கிறாள். காடு எவ்வளவு அழகாக, எவ்வளவு உறுதியாகச் சாட்சி சொல்கிறதோ அவ்வளவுக்கு அவளுடைய நம்பிக்கை பெரிதாகத் தெரியும். மூன்று வரி வருணனை அதற்காகத்தான். அட்டவணைக்காரர் இந்தப் பாட்டுக்கும் 'காத்திருத்தல்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்.

(சரக்கொன்றை கோடையில்தானே பூக்கிறது என்று மகள் கேட்டால், சங்கப்பாட்டில் கொன்றை காருக்கு உரிய பூ, இப்போதைக்கு அவ்வளவு போதும் என்று சொல்லுங்கள்.)

சரி, 37-க்கு வருவோம். பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. நான்கே வரி. பேசுகிறவள் தோழி, கேட்கிறவள் தலைவி. தலைவியையும் அவள் 'தோழி' என்றே அழைக்கிறாள். அவருக்கு உன்மேல் ஆசை அதிகம், அன்பு காட்டவும் செய்வார். பெண்யானையின் பசியைத் தீர்க்க ஆண்யானை யா மரத்தின் மெல்லிய கிளையின் பட்டையை உரிக்கும், அப்படி அன்புள்ள ('அன்பின') வழிதான் தோழி, அவர் போன வழி. 'யானை = தலைவன்' என்று எழுதினால் என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை. யானை என்ன செய்கிறது என்று பாருங்கள். அது பட்டையை உரிப்பது தனக்காக இல்லை, தன் பிடிக்காக, அதாவது பெண்யானைக்காக. அதை அவர் வழியில் பார்ப்பார். பார்த்தால் வீட்டில் இருப்பவள் நினைவு வராமல் இருக்குமா? தோழி இதைச் சொல்லவே இல்லை, காட்சியை மட்டும் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறாள். மரமோ விலங்கோ வந்தால் பெயரைவிட அதன் செயலைப் பிடியுங்கள். முக்கால்வாசிப் பொருள் அங்கே இருக்கும்.

உள்ளுறை, இறைச்சி என்று இரண்டு சொல் நோட்ஸில் உங்களைப் பயமுறுத்தியிருக்கும். வெளியே சொல்லும் காட்சிக்குள் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது என்பதுதான் இரண்டுக்கும் பொது. மேல்படிப்புக்குப் போகும்போது மகள் பிரித்துப் படித்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 37 பாலைத் திணைப் பாட்டு, அதாவது வறண்ட வழியில் பிரிந்து போவதைப் பாடும் வகை. உடனே மணல்மேடும் கள்ளிச்செடியும் படமாகப் போட்டுவிடுகிறார்கள். மணல்மேட்டில் யானை எங்கே வந்தது? கிளையுள்ள மரம் எங்கே வந்தது? பாலைக்குத் தனி நிலம் கிடையாது. சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதை தெளிவாகச் சொல்கிறது: 'முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து / நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப் / பாலை என்பதோர் படிவம் கொள்ளும்.' அதாவது காடும் மலையும்தான் வெயிலில் வறண்டு பாலையாக மாறுகின்றன. மழை பெய்தால் அதே இடம் மறுபடி காடு. இது ஏதோ நிலவியல் திருத்தம் என்று நினைக்காதீர்கள். பாட்டின் பொருளே இதில் தொங்குகிறது. உணவு தாராளமாகக் கிடைக்கும் காட்டில் யானை பட்டை உரித்தால் அது சாதாரணக் காட்சி. வறண்டுபோன காட்டில், மிச்சமிருக்கும் ஒரு மரத்தில், தன் பசியை விட்டுப் பிடியின் பசியைப் பார்க்கிறது என்றால்தான் 'அன்பின' என்ற சொல்லுக்கு எடை வருகிறது. வறட்சியை எடுத்துவிட்டாலும் பாட்டு போய்விடும், மரத்தை எடுத்துவிட்டாலும் போய்விடும். இந்தத் தப்பு ஒரு நோட்ஸிலிருந்து அடுத்த நோட்ஸுக்கு அச்சுப்பிழையோடு சேர்ந்தே போய்க்கொண்டிருக்கிறது.

மேடைப்பேச்சையும் நம்பாதீர்கள். அகநானூற்றின் 4-ஆம் பாட்டில், பூத்த மரத்தில் துணையோடு இருக்கும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாது என்று தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அந்த இரண்டு வரியை மட்டும் பிய்த்து எடுத்து 'சங்ககால உயிர்நேயம்' என்று கைதட்டல் வாங்குவார்கள். அதுவும் தோழி தலைவியிடம் சொல்வதுதான். அதோ வருகிறான் பார் என்கிறாள். வண்டு இணையைப் பிரிக்க அஞ்சுகிறவன் உன்னைப் பிரிந்தே இருப்பானா என்பது அதற்குள் இருக்கிறது. வண்டுக்காக மட்டும் எழுதிய பாட்டாக அதை ஆக்குவது, தலைவியை வீட்டைவிட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது.

'முழு மதிப்பெண் உறுதி' என்று பிடிஎஃப் விற்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். உ.வே.சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் யார் கூற்று என்பதும், சொல்லுக்குச் சொல் பொருளும், விளக்கமும் உண்டு. அவர் உரை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நடை கொஞ்சம் பழசு. ஒரு பாட்டுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

வினாத்தாள் தயாரிப்பவர்கள் இன்னும் 'கருப்பொருள் ஐந்தினைக் குறிப்பிடுக' என்று கேட்கிறார்கள். பூ, பறவை, விலங்கு என்று பட்டியல் போட்டால் மதிப்பெண், பாட்டு புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு மகள் பட்டியலையே எழுதட்டும், சண்டை வேண்டாம். நெடுவினா வரும்போது மூன்று பாட்டையும் அவள் இப்படி எழுதலாம்: '66-இல் தோழி, தலைவியைத் தேற்றக் கொன்றையைப் பேதை என்கிறாள். 21-இல் தலைவி, காடு சொல்வதைவிடத் தலைவன் சொல்லை நம்புகிறாள். 37-இல் தோழி, வறண்ட காட்டிலும் பிடியின் பசி தீர்க்கும் யானையைக் காட்டி, அவரும் உன்னை நினைப்பார் என்று உணர்த்துகிறாள்.' பெயர், எண், கூற்று மூன்றும் சரியாக இருந்தால் விடைத்தாள் திருத்துகிறவர் குறைக்க வழியில்லை.