வேறொரு நாட்டின் குடியாக விரும்புவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிறந்த நாட்டை விட்டு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் வந்துவிட்டது. வாங்கினால் பிறந்த நாட்டின் குடியுரிமை போய்விடும். என் நாட்டை நினைத்து எனக்குப் பெருமை வருவதில்லை. செய்தி படித்தால் வெட்கமாகவே இருக்கிறது. தேசிய கீதம் ஒலிக்கும்போது மற்றவர்களுக்கு வரும் சிலிர்ப்பு எனக்கு வருவதில்லை. விமான நிலையத்தில் வேறு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சட்டென்று கடந்துபோவதைப் பார்த்தால் பொறாமைதான் வருகிறது. அப்பாவிடம் சொன்னேன். "பெற்ற தாயை மாற்றிக்கொள்வாயா?" என்று கேட்டார். பிறப்பால் வந்த ஒன்றில் பெருமைப்பட என்ன இருக்கிறது? அதை மாற்ற விரும்புவது துரோகமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

துரோகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சொல் உங்களை மற்றவற்றை யோசிக்க விடாமல் வைத்திருக்கிறது.

பன்னாட்டுச் சமூக ஆய்வுத் திட்டம் என்ற கூட்டமைப்பு 1995, 2003, 2013 ஆகிய ஆண்டுகளில் தேசிய அடையாளம் பற்றிப் பல நாடுகளில் கருத்தாய்வு நடத்தியது. நாட்டுப் பெருமையை அது பத்து விஷயங்களாகப் பிரித்துக் கேட்டது: ஜனநாயகம் நடக்கும் விதம், உலக அரங்கில் செல்வாக்கு, பொருளாதாரச் சாதனை, சமூகப் பாதுகாப்பு, அறிவியல் தொழில்நுட்பம், விளையாட்டு, கலை இலக்கியம், ராணுவம், வரலாறு, எல்லாப் பிரிவினரையும் சமமாக நடத்துவது. ஒவ்வொன்றுக்கும் 'மிகவும் பெருமை' தொடங்கி 'பெருமையே இல்லை' வரை நான்கு விடைகள். இந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி நீங்களே விடை போட்டுப் பாருங்கள். கலை இலக்கியத்துக்கு 'மிகவும்' போட்ட கை, சமமாக நடத்துவதற்கு 'இல்லவே இல்லை' போடக்கூடும். ஆட்சியின் மீதான கோபம் எது, நாட்டின் மீதான கசப்பு எது என்று அப்போது பிரிந்து தெரியும். அப்பாவையும் தனியாக ஒரு தாளில் போடச் சொல்லுங்கள்.

செய்தி படித்து வெட்கப்படுகிறேன் என்ற வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது. தொடர்பே இல்லாத நாட்டில் அநியாயம் நடந்தால் கோபம் வரும், இரக்கம் வரும், வெட்கம் வராது. அடுத்த வீட்டுப் பிள்ளை திருடினால் யாரும் தலைகுனிவதில்லை. நம்முடையது என்று மனம் எண்ணுவதற்காகத்தான் வெட்கப்படுகிறோம். ஆகவே உங்களுக்குப் பிறந்த நாட்டோடு பந்தம் அறுந்துவிட்டது என்று நீங்களே முடிவுகட்டிக்கொள்ளாதீர்கள். கீதம் கேட்டுச் சிலிர்க்காததை ஒரு குறையாகவும் எண்ண வேண்டாம்.

பிறந்ததற்காகப் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது சரிதான். ஒழுங்காக நடந்த ஒரு தேர்தல், மக்கள் பணத்தில் இயங்கும் ஒரு நூலகம், கடைசிக் குழந்தை வரை போய்ச்சேர்ந்த தடுப்பூசி, இவற்றில் வரியாகவோ வாக்காகவோ உழைப்பாகவோ பங்கு கொண்டவர் பெருமைப்படலாம். நமக்கு முன்னிருந்தவர்கள் செய்தவற்றுக்கு நன்றி சொல்லலாம். அவர்களுடைய சாதனையை "நாங்கள் செய்தோம்" என்று சொல்கிறவர், அவர்கள் செய்த கொடுமைகளையும் "நாங்கள் செய்தோம்" என்றே சொல்ல வேண்டும். பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் பெருமையைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

அப்பாவின் உவமை மனதைத் தொடுகிறது, ஆனால் பொருந்தவில்லை. பெற்ற தாய் யார் என்பதை எந்தச் சட்டமும் முடிவுசெய்வதில்லை. குடியுரிமையை முழுக்கவும் சட்டமே முடிவுசெய்கிறது. கனடாவில் பிறந்த குழந்தை அநேகமாக எப்போதும் கனடாவின் குடி. ஜப்பானில் பிறந்தால் மட்டும் போதாது, பொதுவாகப் பெற்றோரில் ஒருவர் ஜப்பானியராக இருக்க வேண்டும். 1948-இன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம், 15ஆவது பிரிவில், ஒருவரின் குடியுரிமையைத் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்பதோடு அதை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் மறுக்கக் கூடாது என்கிறது.

ஆனாலும் குடியுரிமை வெறும் காகிதமல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பிறந்த ஃபிரெட்ரிக் நோட்டபோம் 1905 முதல் குவாத்தமாலாவில் வாழ்ந்து தொழில் செய்தவர். 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்ட சில வாரங்களில், ஐரோப்பாவின் சிறு நாடான லிக்டன்ஸ்டைனின் குடியுரிமை வாங்கினார். அந்நாட்டு வசிப்பு நிபந்தனையிலிருந்தும் விலக்குப் பெற்றார். 1943-இல் குவாத்தமாலா அவரை எதிரி நாட்டு ஜெர்மானியராகவே கருதிப் பிடித்து அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அவருக்காக லிக்டன்ஸ்டைன் தொடுத்த வழக்கைச் சர்வதேச நீதிமன்றம் 1955-இல் ஏற்க மறுத்தது. குடியுரிமைக்குப் பின்னால் வாழ்க்கை, நலன், உணர்வு ஆகியவற்றால் ஆன உண்மையான பந்தம் இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. சட்ட அறிஞர்கள் பலர் அதை இன்றும் குறைகூறுகிறார்கள். நீங்கள் ஆறு ஆண்டுகளாக ஓரிடத்தில் உழைத்து வாழ்கிறீர்கள். உங்களிடம் அந்தப் பந்தம் இருக்கிறது.

இனிப் பொறாமைக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டியது என்ன? இங்கே தங்குவதும் வேலை செய்வதும்தான் என்றால், நிரந்தர வசிப்புரிமையே பெரும்பாலும் போதும். அது பெரும்பாலும் தராதவை சில உண்டு: தேசியத் தேர்தலில் வாக்கு, வெளியேற்றப்படாமல் இருக்கும் உறுதி, வெளிநாட்டில் சிக்கிக்கொண்டால் தூதரகத்தின் உதவி. நீண்ட நாள் வெளியே இருந்தால் அது காலாவதியும் ஆகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்புரிமை, ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம் இருந்தால் போய்விடக்கூடும். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு ஊருக்குப் போக நேரும் ஒருவருக்குக் குடியுரிமையே பாதுகாப்பு. விமான நிலைய வரிசைக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

விண்ணப்பங்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் நாள் கணக்கு. கனடா, விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனில் ஐந்தாண்டு வசித்ததை வைத்து விண்ணப்பிப்பவர் அந்தக் காலத்தில் 450 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. கடைசி 12 மாதத்தில் 90 நாள்தான் வரம்பு. விண்ணப்பம் போய்ச்சேரும் தேதிக்குச் சரியாக ஐந்தாண்டு முன்பு அந்த நாட்டுக்குள் இருந்திருக்கவும் வேண்டும். அன்றைக்கு விடுமுறைக்கு வெளியே போயிருந்தது மறந்துபோய் விண்ணப்பித்தால் சிக்கல்தான். பயணங்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். பாஸ்போர்ட் முத்திரையையும் பழைய விமானச் சீட்டு மின்னஞ்சல்களையும் வைத்து ஒரு பட்டியல் போடுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். அதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்தது வரிசைமுறை. சில நாடுகளின் சட்டப்படி, வேறு குடியுரிமையை விரும்பி ஏற்ற கணமே பழையது தானாகப் போய்விடும். அதன்பின் பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றமாகலாம். உங்கள் நாடு இந்த வகையா, முறைப்படி துறந்தால்தான் போகும் வகையா என்று தூதரகத்தில் எழுத்தில் கேளுங்கள். துறக்க வேண்டியிருந்தால், புதிய நாடு தருவதாக எழுத்தில் உறுதி கொடுக்கும் வரை பழையதை விடாதீர்கள். 1961-இன் ஐநா உடன்படிக்கை, துறப்பதால் ஒருவர் நாடற்றவராகிவிடக் கூடாது என்கிறது. ஆனால் எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை. ஐன்ஸ்டைன் 1896-இல், தாம் பிறந்த ஜெர்மன் அரசான வூர்ட்டம்பர்க்கின் குடியுரிமையை விட்டார். சுவிஸ் குடியுரிமை 1901-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகள் அவர் எந்த நாட்டுக்கும் குடி இல்லை. இன்றைய உலகில் அப்படி ஐந்து மாதம் கழிப்பதே கடினம்.

குடியுரிமை பெறும்போது எடுக்கும் உறுதிமொழி பற்றியும் ஒரு வார்த்தை. இனி இந்த நாட்டின் சட்டத்துக்கும் பொறுப்புகளுக்கும் கட்டுப்படுவேன் என்பதே அதன் சாரம். பிறந்த மண்ணின் மீதுள்ள அன்பை விடச் சொல்லி அது கேட்பதில்லை. மனதார ஏற்க முடிந்தால் மட்டும் அதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, பத்து விஷயங்களுக்கும் விடை போட்ட அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். உங்கள் வெட்கம் ஜனநாயகத்திலும் சமமாக நடத்துவதிலும் குவிந்திருந்தால், அவற்றை மாற்ற உங்கள் கையில் இருப்பது பிறந்த நாட்டின் வாக்கு. குடியுரிமையோடு அதுவும் போகும். பிறகு மீண்டும் கேட்கப் பல நாடுகளில் வழி உண்டு என்றாலும் கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. கையெழுத்துப் போடும் முன் இதையும் அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்