த்ரூ, தரோ, தோ: மூன்றும் குழம்பினால்

உங்கள் மகள் ஆங்கிலத்தில் 'த்ரூ' எழுதவேண்டிய இடத்தில் 'தரோ' எழுதுவதற்கு ஒரே ஓர் எழுத்துதான் காரணம். டி, எச் முடிந்ததும் நேராக ஆர் வந்தால் 'த்ரூ', அதாவது வழியாக. நடுவில் ஓ புகுந்து அதன்பின் ஆர் வந்தால் 'தரோ', முழுமையான. ஆர் இல்லவே இல்லையென்றால் 'தோ', என்றாலும்.

இந்த மூன்று சொல்லின் முடிவிலும் வரும் ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கெழுத்துக்கு ஒரே உச்சரிப்பு தேடுவதால்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. அந்த ஜி-எச் பழைய ஆங்கிலத்தில் தொண்டையிலிருந்து வந்த ஒலி. பின்னாளில் சில சொற்களில் மறைந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆனது: டஃப் (கடினம்), ரஃப் (கரடுமுரடு), இனஃப் (போதும்), காஃப் (இருமல்). வில்லியம் கேக்ஸ்டன் என்ற அச்சாளர் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கியபின் எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்துவிட்டது, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. பிள்ளையின் மேல் குறையே இல்லை.

இதைச் செய்து பாருங்கள். பாடப்புத்தகத்தில் அந்த நான்கெழுத்துக்குப் பின் டி வரும் சொற்களை மட்டும் அவளையே வட்டமிடச் சொல்லுங்கள். தாட், பாட், ப்ராட், ஃபாட் என எல்லாம் 'ஆட்' என்றே முடியும். நினைத்தேன், வாங்கினேன், கொண்டுவந்தேன், சண்டையிட்டேன் என்று இந்த நான்கும் இறந்தகால வினைகள். இந்தக் கூட்டம் பிடிபட்டாலே பாதி பயம் போய்விடும்.

ஒன்றில் மட்டும் கவனம்: வறட்சியைக் குறிக்கும் 'ட்ரவுட்' இதில் சேராது. 'தரோ' என்பதை பிரிட்டிஷார் 'தரா' என்பார்கள், அதைத் திருத்த வேண்டாம்.